கூடவே வாழ்ந்தவருக்கு நிவாரணம் கிடைக்குமா? கொங்கு நாட்டுத் தன்பாலின இணையர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2019 டிசம்பர் 2 அன்று, விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின் மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அவினாசி அருகே கேரள அரசுப் பேருந்தில் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர். 2025 செப்டம்பர் 27 கரூர் நெரிசலில் 41 பேர். புயல் கரையைக் கடக்காத கொங்கு நாடு இது. இங்கே பேரிடர் சுவராக, லாரியாக, கூட்டமாக, திடீரென்று கரைபுரளும் பவானியாக, அமராவதியாக வருகிறது. ஒவ்வொரு முறையும் ஓரிரு நாளில் நிவாரணம் அறிவிக்கப்படும். அறிவிப்பில் ‘இறந்தவரின் குடும்பத்தினருக்கு’ என்று இருக்கும். சிக்கல் அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லில்தான்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பக்கம் ஒரு லைன் வீடு. அதில் இரண்டு பெண்கள் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருத்தி பனியன் கம்பெனியில் டெய்லர், இன்னொருத்தி செக்கிங். வாடகை, கேஸ், சீட்டுப் பணம், நகைக்கடன் எல்லாம் பொது. அக்கம்பக்கத்தார் அக்காள் தங்கை என்று நினைத்துக்கொள்வார்கள், அவர்களும் திருத்துவதில்லை. ஒரு மழை இரவில் டெய்லர் இறந்துபோகிறாள். நிவாரணக் காசோலை, தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் ஒன்பது ஆண்டுகளாக அவளோடு பேசாத பெற்றோர் பெயருக்குப் போகிறது. செக்கிங் வேலைக்காரி அடுத்த மாத வாடகைக்கு அலைகிறாள். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தத் தாள் எந்த மேசையில் செல்லும், எது குப்பைக்குப் போகும் என்று பார்த்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்தை அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்றது. ஆகவே ‘கணவர்’, ‘மனைவி’ என்ற கட்டங்களில் உங்கள் பெயரை எழுத இன்று வழியில்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு ‘கல்யாணப் பத்திரம்’ பதிந்து தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

ஆனாலும் கையில் எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொல்லியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அரசியலமைப்பு ‘பால்’ என்று சொல்லும் இடத்தில் பாலின ஈர்ப்பும் அடங்கும் என்பது 2018 தீர்ப்பில் எழுதப்பட்ட கருத்து. இரண்டையும் சேர்த்து வாசித்தால் உங்கள் மனுவின் முதல் பத்தி கிடைத்துவிடும்.

முதல் படி: எந்தப் பணம், எந்தக் கதவு

இழப்பீடு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது பல பணம். ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு, சாவி வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டு, எல்லாவற்றையும் இழந்தவர்களே அதிகம்.

அரசு நிவாரணம் முதலாவது. மாநிலப் பேரிடர் நிதி விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். அதற்கு மேல் முதல்வர் நிதி, பிரதமர் நிதி என்று அறிவிப்புக்குத் தக்கபடி கூடும். கரூரில் மாநில அரசு மட்டும் தலைக்கு 10 லட்சம் அறிவித்தது. இந்தக் கதவின் சாவி வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ். அதில் தன்பாலினத் துணைவருக்கு இடமில்லை.

சாலை விபத்துத் தீர்ப்பாயம் இரண்டாவது. இதன் சாவி ‘சட்டப் பிரதிநிதி’ என்ற சொல். இந்தக் கதவு அகலமானது; பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, காப்பீடும் வங்கிப் பணமும். சாவி நாமினி.

நான்காவது, வேலை வழிப் பணம்: பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் விபத்து இழப்பீடு. இங்கே சட்டமே உறவுகளைப் பட்டியல் போட்டு மூடிவைத்திருக்கிறது. பெற்றோர் உங்கள் துணையைச் சார்ந்திருந்தால், பி.எஃப். நாமினியாக உங்கள் பெயரை எழுதினாலும் நிற்காது. இதில் முட்டிமோதி நேரத்தை வீணாக்காதீர்கள். கம்பெனி குழுக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் நாமினி படிவத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாவதாக, சிறிதானாலும் அன்றாடத்துக்கு உதவுவது, வெள்ளத்தில் பொருள் போனதற்கான குடும்ப நிவாரணம். இது ரேஷன் அட்டை வழியே வரும். 2023இல் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம் 6,000 ரூபாய் அப்படித்தான் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்தும் அட்டை இருவேறு ஊரில் இருந்தால், நனைந்த வீட்டுக்கு நிவாரணம் இல்லை.

இரண்டாம் படி: இருவரும் உயிரோடு இருக்கும்போது

கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் ஊர் அறியச் சீர் செய்துவைக்கிறார். அதன்பின் இன்னாருக்கு இன்னார் என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த அருமைக்காரர் இல்லை. காகிதத்தைத்தான் அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

உயிலில் தொடங்குங்கள். வெள்ளைத் தாள் போதும். எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான் சட்டத்தின் தேவை. பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் ‘போலி’ என்று பங்காளிகள் கிளம்பும்போது சார்பதிவாளர் முத்திரை வாயை அடைக்கும். உயிலின் பயனாளியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்காதீர்கள். இன்னொரு வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ‘இந்த உயிலை நிறைவேற்றுபவராக இன்னாரை நியமிக்கிறேன்’. உயிலை நிறைவேற்றுபவர் இறந்தவரின் சொத்துக்குச் சட்டப் பிரதிநிதி. அந்த ஒற்றை வரி பின்னாளில் தீர்ப்பாயக் கதவைத் திறக்கும்.

அடுத்து நாமினி. தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவோ, ஒருவர் மற்றவரை நாமினியாக்கவோ தடையேதும் இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். கணக்கோடு சேர்த்து ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் (2 லட்சம், வயது 18 முதல் 70), 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் (2 லட்சம், 18 முதல் 50) போட்டுவிடுங்கள். இருபது ரூபாய்க்கு இரண்டு டீ கூட முழுதாக வராது.

நாமினி ஆனதும் பணம் உங்களுடையது என்று நினைக்க வேண்டாம். நாமினி பணத்தை வாங்கிவைக்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. 2015 திருத்தத்துக்குப் பின் காப்பீட்டில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம். அந்தச் சலுகை உங்களுக்கு எட்டாது. ஆகவே ஒவ்வொரு பாலிசியின் எண்ணையும், வங்கிக் கணக்கையும் உயிலில் எழுதி, இன்னாருக்கு என்று சொல்லிவிடுங்கள். நாமினியும் உயிலும் சேர்ந்தால்தான் ஒரு பூட்டுக்குச் சாவி முழுதாகும்.

பவர் பத்திரம் எழுதிவைத்திருக்கிறோம், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் இறந்த நொடியில் பவரும் இறந்துவிடும். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அது உதவும், நிவாரணத்துக்கு உதவாது.

கடைசியாக, சேர்ந்து வாழ்ந்ததற்கான அடையாளங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர். ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் ஒரே முகவரி. மாதாமாதம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகும் பணம். கையில் கொடுக்காதீர்கள், கணக்கில் போடுங்கள், அதுதான் சார்ந்திருந்ததற்குச் சாட்சி. ரேஷன் அட்டைக்கு இணையர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்ற மத்திய உணவுத் துறையின் 2024 கடிதத்தைக் காட்டி ஒரே அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இவற்றோடு முத்திரைத்தாளில் ஓர் உறவு ஒப்பந்தம்: எந்த ஆண்டு முதல் சேர்ந்து வாழ்கிறோம், செலவை எப்படிப் பகிர்கிறோம், ஒருவர் இறந்தால் மற்றவருக்கு எது சேர வேண்டும் என்று. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் இத்தகைய குடும்ப உறவுப் பத்திரங்களைப் பதிவு செய்ய ஒரு முறை வகுக்கும்படி மாநில அரசுக்கு யோசனை சொன்னது. இப்போதைக்கு அந்த ஒப்பந்தம் சட்ட உறவை உண்டாக்காது, சாட்சியமாகப் பேசும்.

மூன்றாம் படி: முதல் மூன்று நாட்கள்

பிணவறை வாசலில் பெற்றோரோடு சண்டை வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். அங்கே தோற்பவர் எப்போதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தோல்வியை ஊரும் பார்த்துவிடும். நெருங்கிய உறவினர் யாரும் வராத நிலையில் துணைவர் உடலைப் பெறலாம் என்ற பொருளில் மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உறவினர் வந்துவிட்டால் அந்தக் கடிதம் உதவாது.

அந்த மூன்று நாளில் உங்கள் வேலை வேறு. காவல் துறை விசாரணையில் நீங்களாகவே போய் வாக்குமூலம் கொடுங்கள். ‘தோழி’ என்று சொல்லிச் சுருக்கிவிடாமல், எத்தனை ஆண்டாக ஒரே வீட்டில் வாழ்ந்தோம், யார் சம்பாத்தியத்தில் யார் சாப்பிட்டோம் என்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உறவை வெளிப்படையாகச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு. பிள்ளைகள் படிக்கும் தெரு, வேலை செய்யும் கம்பெனி எல்லாம் யோசிக்க வேண்டியவை. ‘சார்ந்து வாழ்ந்தவர்’ என்று சொன்னாலே பெரும்பாலான கதவுகளுக்குப் போதும். காவலர் கேலி செய்தால், தன்பாலினத்தவர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரைத் துன்புறுத்துவது நடத்தை விதி மீறல் என்று தமிழ்நாடு காவல் நடத்தை விதிகளிலேயே 2022இல் சேர்க்கப்பட்டிருப்பதை நினைவூட்டுங்கள். குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அதற்குப் பலன் அதிகம்.

இறப்புச் சான்றிதழ் வாங்க வாரிசாக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் நகல் பெறலாம். முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் மூல ஆவணங்களை, காரியத்துக்கு வரும் உறவினர் கூட்டம் அலமாரியைத் திறப்பதற்கு முன் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி: ஆட்சியரிடம் மனு

வாரிசுச் சான்றிதழில் என் பெயரையும் சேருங்கள் என்று கேட்காதீர்கள். மறுநாளே மறுப்பு வரும், கோப்பு மூடும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் வேறு விதமாகக் கேளுங்கள்: நிவாரணம் முழுவதும் வழங்கப்படும் முன் என்னையும் விசாரியுங்கள்; இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் என்ற முறையில் ஒரு பங்கைப் பரிசீலியுங்கள்; 61ஆம் பிரிவை மனத்தில் வைத்து முடிவெடுத்து எழுத்தில் பதில் தாருங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் கெடு உண்டு.

அரசு நிவாரணம் கருணைத் தொகை, யாருக்கு எவ்வளவு என்பதில் அரசுக்குக் கொஞ்சம் விருப்புரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த மாதமே நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் படாக்கி, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் வாரியம் தன்பாலினத் துணைவர்களுக்கும் உதவ ஆணையிட்டார். அங்கே அப்போது தன்பாலினத் திருமணம் சட்டமாகவில்லை. நடுவண் இழப்பீட்டு நிதியை நடத்திய கென்னத் ஃபைன்பெர்க் மாநில வாரிசுச் சட்டத்தைத்தான் பின்பற்றினார். ஆனால் குடும்பமும் துணைவரும் ஒத்துப்போன இடங்களில் துணைவர்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. 2024 மார்ச்சில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், குற்றத்தில் உயிரிழந்தவரின் தன்பாலினத் துணையும் உதவித்தொகைக்குத் தகுதி பெறலாம் என்றது. அந்நாட்டிலும் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இல்லை. கல்யாணம் முடிவாகும்வரை நிவாரணம் காத்திருக்கத் தேவையில்லை என்று மனுவில் எழுத இந்த முன்னுதாரணங்கள் போதும்.

ஐந்தாம் படி: தீர்ப்பாயம்

சாலையில் நடந்த மரணம் என்றால் உங்கள் முழுப் பலத்தையும் இங்கே போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவு ‘சட்டப் பிரதிநிதி’ வழக்குத் தொடரலாம் என்கிறது; மனைவி, மகன் என்று பட்டியல் போடவில்லை. 1987இல் உச்ச நீதிமன்றம் இறந்தவரின் சகோதரரையும், 2021இல் மருமகனோடு வாழ்ந்த மாமியாரையும் இந்தச் சொல்லுக்குள் அனுமதித்தது.

எனக்குப் பிடித்தது 2014ஆம் ஆண்டு வழக்கு. விபத்தில் இறந்த கிறித்தவத் துறவி ஒருவருக்கு மனைவி மக்கள் இல்லை; அவர் சம்பாத்தியம் முழுவதும் அவருடைய சபைக்குப் போய்க்கொண்டிருந்தது. இழப்பீடு கேட்ட சபைக்கே கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அமெரிக்காவிலும் இதற்கு ஒரு கதை உண்டு. இரட்டைக் கோபுரத்தில் இறந்த தீயணைப்புத் துறைப் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜின் பெயரால் 2002இல் இயற்றிய சட்டம், மனைவி, பிள்ளை இல்லாதபோது காப்பீட்டில் பெயர் குறித்த எவருக்கும் அரசு இறப்புத் தொகை போகலாம் என்றது. இரு நாடுகளிலும் குடும்பத்தின் கதவை அகலப்படுத்தியவர்கள் கல்யாணமே செய்துகொள்ளாத துறவிகள் என்பது வேடிக்கை.

வழக்கை நீங்கள் குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். பெற்றோர் முந்திக்கொண்டால், அதே வழக்கில் உங்களையும் சேர்க்க மனுப் போடுங்கள்.

இப்போது கணக்கு. வக்கீல்களே இதில் அசட்டையாக இருக்கிறார்கள். முப்பது வயது, மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,16,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. திருமணமாகாதவர் என்றால் தன் செலவாகப் பாதியைக் கழிப்பது வழக்கம்: மீதி 1,51,200, வயதுக்குத் தக்கபடி தீர்ப்பாயம் பெருக்கும் எண் (பெருக்கெண்) முப்பது வயதுக்கு 17, மொத்தம் 25,70,400. இரண்டு மூன்று பேர் சார்ந்திருந்த திருமணமானவர் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் கழிவு: மொத்தம் 34,27,200. ஒருவரோடு குடும்பம் நடத்தியவரை ‘தனிக்கட்டை’ என்று எழுதுவதன் விலை 8,56,800 ரூபாய். அந்த இழப்பு உங்களுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான். சம்பளத்தில் பாதியைத் தானே செலவழித்தார் என்பது உண்மையில்லை, வீட்டு வாடகையும் துணையின் சாப்பாடும் அதிலிருந்து போயின என்று காட்ட உங்கள் வங்கிக் கணக்குத்தான் ஆதாரம். சார்ந்திருப்போர் அதிகமான குடும்பமாக இருந்தால் திருமணமாகாதவருக்கும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கழிக்கலாம் என்று 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இடம் விடுகிறது.

ஆறாம் படி: பெற்றோரிடம் பேச்சு

மேலே சொன்ன கணக்குதான் பேச்சுக்கு நல்ல தொடக்கம். உங்கள் சாட்சியம் வந்தால் அவர்கள் தொகையும் கூடும். எடுத்த எடுப்பில் உறவின் பெயரைச் சொல்ல வேண்டாம். ‘உங்கள் பெண்ணோடு ஒன்பது வருசம் ஒரே உலையில் சோறு பொங்கித் தின்றவள்’ என்பது கொங்குப் பெற்றோருக்குப் புரியும் பேச்சு. தாய்மாமனோ, ஊரில் நாலு பேர் மதிக்கும் பெரியவரோ உடனிருந்தால் நல்லது. ஒத்துக்கொண்டால் அன்றே எழுதிவிடுங்கள்: ஆட்சேபணை இல்லை, இன்ன பங்கு இன்னாருக்கு என்று, சாட்சிகளோடு. இரண்டு நாள் போனால் பங்காளிகள் மனத்தை மாற்றிவிடுவார்கள்.

இறந்தவருக்கு வேறு கட்டாயத் திருமணம் நடந்து மனைவியோ கணவரோ பிள்ளைகளோ இருந்தால், அவர்கள் பங்கில் கை வைக்காதீர்கள். அவர்களும் இழந்தவர்கள். உங்கள் பங்கை மட்டும் கேளுங்கள்.

ஏழாம் படி: நீதிமன்றம்

ஆட்சியர் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்றால் சென்னை. கரூர் என்றால் மதுரைக் கிளை. பணமில்லை என்று நின்றுவிட வேண்டாம். பெரும் பேரிடர், வெள்ளம், தொழிற்சாலை விபத்து ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு எப்போதும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தொலைபேசி எண் 15100.

ஆவணங்களை மூன்று நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கைப்பேசியில் படமாக. மூன்றாவது, நம்பிக்கையான ஒருவர் வீட்டில், வேறு தெருவில். சுவர் விழும்போது அலமாரியும் அதன் அடியில்தான் இருக்கும்.